‘பீகி பீகி’க்கு முன்னால்: கிடாரோடு பாவுல்களிடம் போன கௌதம் சட்டோபாத்யாய் யார்?

கிடார் கத்துக்கிட்ட எல்லாருக்கும் முதல் ஆறு மாசத்துக்குள் ஒரு இந்திப் பாட்டு வந்துவிடும். ‘பீகி பீகி’. 2006-ல் வெளியான ‘கேங்ஸ்டர்’ படம், இசை பிரீதம், பாடியவர் வங்கதேச ராக் பாடகர் ஜேம்ஸ். இந்தி ஒரு வார்த்தை தெரியாதவங்ககூட அந்த மெட்டை முணுமுணுப்பாங்க. காதலியைப் பிரிந்தவனின் ஈரமான ராத்திரி என்றுதான் நமக்கு அது மனசில் பதிஞ்சிருக்கு.

அந்த மெட்டு முதலில் வங்காளத்தில் வந்தது. அங்கே அதில் காதலியும் இல்லை, மழையும் இல்லை. கேபிள் டிவியும் சாட்டிலைட்டும் வந்தபிறகு உலகம் சுருங்கிச் சுருங்கி வீட்டு ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, ஒரே சோபாவில் இருக்கிறவங்க மட்டும் ஒருத்தருக்கொருத்தர் தூரமாகிட்டாங்க என்கிற புலம்பல்தான் மூலப் பாட்டு. 1995-ல் வந்தது. ஸ்மார்ட்போன் வருவதற்கு ரொம்ப நாள் முன்னாடி.

அந்த வங்காளப் பாட்டு வெளிவந்த ஆல்பத்தைத் தொகுத்தவர் கௌதம் சட்டோபாத்யாய். இந்திப் பாட்டு நாடு முழுக்க ஹிட் ஆனபோது அவர் இறந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. கொல்கத்தாவில் அவர் பெயரைச் சொன்னால் மூன்று தலைமுறைக்குத் தெரியும். இங்கே நமக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய ஆள். கிடாரை வைத்து வாழ்க்கையில் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இந்த நாட்டில் முதலில் வேறு மாதிரி பதில் சொன்னவர்களில் ஒருவர்.

பார்க் ஸ்ட்ரீட்டின் கிடாரிஸ்ட்

1940-களின் கடைசியில் பிறந்தவர். கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் வளர்ந்தார். வீட்டில் இசைக் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. பிரெசிடென்சி காலேஜில் உடலியல் படித்தார். கொல்கத்தா பிரெசிடென்சி அப்போது சாதாரண காலேஜ் இல்லை. வங்காளத்தின் அறிவாளிகளும் கலகக்காரர்களும் உருவான இடம்.

1960-களின் பிற்பகுதியில் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்ப்பது கஷ்டம். டிரின்காஸ், மொகாம்போ, மூலான் ரூஜ் என்று வரிசையாக ரெஸ்டாரன்ட்கள். ஒவ்வொன்றிலும் லைவ் பேண்டு. நம்ம ஊர்த் தொடர்பு ஒன்றும் இதில் இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோடு நைன் ஜெம்ஸ் கிளப்பில் பட்டுப்புடவை கட்டி இங்கிலீஷ் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த உஷா ஐயர், 1969 வாக்கில் டிரின்காஸுக்குத்தான் போனார். பின்னாளில் உஷா உதூப்பாக நாடு முழுக்கத் தெரிந்தவர் அவர்தான்.

அந்தத் தெருவில் கௌதமும் இருந்தார். ஆங்கிலோ இந்திய நண்பர்களோடு ‘தி அர்ஜ்’ என்று ஒரு பேண்டு. இவர் லீட் கிடார். டிரின்காஸிலும் மூலான் ரூஜிலும் வாசித்தார்கள். லண்டனிலும் அமெரிக்காவிலும் போன மாதம் ஹிட் ஆன பாட்டை அப்படியே வாசிப்பதுதான் வேலை. எவ்வளவு அச்சு அசலாக வாசிக்கிறாயோ அவ்வளவு மதிப்பு. இன்னிக்கு ஐடி கம்பெனி ஆண்டு விழாவில் கவர் பேண்டு வாசிக்கிற மாதிரி என்று வெச்சுக்கோங்க.

நல்ல கிடாரிஸ்ட், கை நிறைய மேடை. அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் அதே காலத்தில் அவருக்கு இன்னொரு பக்கமும் காது இருந்தது. அது பாவுல்கள் பக்கம்.

பாவுல் என்றால் யார்?

வங்காளத்தில் ரயிலிலும் சந்தையிலும் திருவிழாவிலும் பாடிக்கொண்டு திரியும் நாடோடிப் பாடகர்கள் பாவுல்கள். காவி அல்லது ஒட்டுத்துணி அங்கி, ஒரு கையில் ஒற்றைத் தந்தி ஏக்தாரா, இடுப்பில் சின்ன தோல் கருவி, காலில் சலங்கை. ஒரே ஆள், முழு இசைக்குழு. இந்து என்றும் சொல்ல முடியாது, முஸ்லிம் என்றும் சொல்ல முடியாது. சாதியை மதிக்க மாட்டார்கள், கோயிலும் மசூதியும் அவர்களுக்குப் பெரிய விஷயம் இல்லை. உடம்புக்குள்ளேதான் கடவுள் என்பார்கள். நம்ம சித்தர் பாட்டைத் தெருப்பாட்டுக்காரர் ஒருத்தர் ரயிலில் பாடிக்கொண்டு வந்தால் எப்படி இருக்குமோ, கிட்டத்தட்ட அப்படி. 2005-ல் வங்கதேசத்துப் பாவுல் பாடல்களை மனிதகுலத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக யுனெஸ்கோ அறிவித்தது. 1960-களில் அந்த மரியாதையெல்லாம் கிடையாது. நகரத்து நடுத்தர வர்க்கத்துக்கு அவர்கள் சில்லறை போட்டு அனுப்புகிற ஆட்கள்.

இதில் வேடிக்கை என்ன என்றால், கொல்கத்தாவின் ராக் பேண்டுகள் யாரைக் காப்பி அடித்தார்களோ அவர்கள் பாவுல்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 1967 கடைசியில் வந்த பாப் டிலனின் ‘ஜான் வெஸ்லி ஹார்டிங்’ ஆல்பம் அட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்க. டிலனுக்குப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் லக்ஷ்மண் தாஸ், பூர்ண தாஸ். வங்காள பாவுல் குடும்பத்துச் சகோதரர்கள். டிலனின் மேனேஜர் ஆல்பர்ட் கிராஸ்மன் அவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துப் போயிருந்தார்.

பார்க் ஸ்ட்ரீட்டில் டிலன் பாட்டை வாசித்துக்கொண்டிருந்த பையன்களில் எத்தனை பேர் அந்த அட்டையில் நிற்கிற தங்கள் ஊர்க்காரர்களைக் கவனித்திருப்பார்கள்? கௌதம் அட்டைப் படத்தோடு நிற்கவில்லை. பாவுல்களோடு உட்கார்ந்து அவர்களிடமே பாட்டு கற்றார். பின்னாளில் நாக்தலாவில் இருந்த அவர் வீட்டுக்குப் பாவுல்கள் வந்து தங்கிப் பாடிவிட்டுப் போவது வழக்கமானது.

சிறுவாச்சூரில் மதுரகாளியம்மன் கோயில் நடை திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். அன்றைக்குப் பெரம்பலூர் பஸ்ஸில் இடம் கிடைக்காது. சென்னை ஹோட்டலில் இங்கிலீஷ் பாட்டு வாசித்துச் சம்பாதிக்கிற பையன் ஒருத்தன் அந்தக் கூட்டத்தில் வந்து, உடுக்கை அடித்துப் பாடுகிறவர் பக்கத்தில் கிடாரோடு உட்கார்ந்து, அண்ணே எனக்கும் இதைச் சொல்லிக் கொடுங்க என்று கேட்பதாகக் கற்பனை பண்ணுங்க. ஊரே ஒரு மாதிரி பார்க்கும். 1960-களின் கொல்கத்தாவில் அந்தப் பார்வை இன்னும் கொஞ்சம் கூர்மையாகவே இருந்திருக்கும்.

நடுவில் ஜெயில்

1967-ல் வங்காளத்தின் வடக்கே நக்சல்பாரி கிராமத்தில் விவசாயிகள் கிளர்ச்சி தொடங்கியது. இரண்டு, மூன்று வருஷத்தில் அந்த நெருப்பு கொல்கத்தா காலேஜ்களுக்குப் பரவியது. பிரெசிடென்சி அதன் மையங்களில் ஒன்று. நன்றாகப் படிக்கிற பையன்கள் பரீட்சையை விட்டுவிட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். பலர் திரும்பி வரவில்லை. போலீஸ் நடவடிக்கை கடுமையாக இருந்தது.

கௌதமும் அந்த இயக்கத்தில் இருந்தார். கைதானார், ஜெயிலில் இருந்தார். வெளியே வந்தபிறகு உடனே கொல்கத்தாவில் இருக்க முடியாத நிலை. மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். போபாலில் மெடிக்கல் ரெப் வேலை பார்த்தார்.

லீட் கிடாரிஸ்ட், நக்சல், மெடிக்கல் ரெப். மூன்றும் ஒரே ஆள், சில வருஷ இடைவெளியில். சினிமாவில் இப்படி எழுதினால் ஓவர் என்போம்.

1970-களின் நடுவில் கொல்கத்தா திரும்பியபோது பழைய நகரம் இல்லை. செத்துப்போன நண்பர்கள், வேலையில்லாத் திண்டாட்டம், 1975 ஜூனில் இருந்து எமர்ஜென்சி. துப்பாக்கியும் தோற்றிருந்தது, ஹோட்டல் பாட்டும் அர்த்தமில்லாமல் போயிருந்தது. அப்போதுதான் வீட்டுக்குள்ளேயே ஒரு பேண்டு தொடங்கினார்.

பி.எஸ்சி. பட்டத்தோடு ஒரு பேண்டு பெயர்

ஏழு பேர். கௌதம் பாட்டு, கிடார், சாக்ஸபோன். தம்பிகள் பிரதீப்பும் விஸ்வநாத்தும் உள்ளே. பிரதீப் பேஸ் கிடாரும் புல்லாங்குழலும், விஸ்வநாத் டிரம்ஸ். உறவுக்காரர் ரஞ்சன் கோஷால், வயலினும் பியானோவும் வாசிக்கிற ஆபிரகாம் மஜும்தார், பாட்டும் கிடாருமாகத் தாபஸ் தாஸ், தபேஷ் பந்தோபாத்யாய். தாபஸை எல்லாரும் பாபி என்றே கூப்பிடுவார்கள்.

ஏழு பேர் என்பதால் முதலில் ‘சப்தரிஷி’ என்று பெயர். அப்புறம் ‘தீரந்தாஜ்’, அதாவது வில்லாளி. அப்புறம் வைத்த பெயர்தான் உச்சம்: ‘கௌதம் சாட்டர்ஜி பி.எஸ்சி. அண்டு சம்பிரதாய்’. நம்ம ஊர்க் கல்யாண போஸ்டரில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டம் போடுகிற மாதிரி. பழைய பேண்டு வாத்தியக் குழுக்களையும் படிப்புப் பெருமையையும் ஒரே பெயரில் கிண்டல் பண்ணினார்கள்.

கடைசியாக நின்ற பெயரை ரஞ்சன் கோஷால் சொன்னார்: ‘மொஹினேர் கோராகுலி’, மொஹினின் குதிரைகள். வங்காளக் கவிஞர் ஜீவனானந்த தாஸின் ‘குதிரை’ என்ற கவிதையில் இருந்து எடுத்தது. 1954-ல் கொல்கத்தாவில் டிராம் மோதிக் காயப்பட்டு இறந்துபோன ஜீவனானந்தர், உயிரோடு இருந்தபோது பெரிதாகக் கொண்டாடப்படாதவர், செத்தபிறகு தாகூருக்கு அடுத்த இடத்தில் வைக்கப்பட்டவர். இந்த பேண்டுக்கும் அதே கதைதான் நடக்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

என்ன வாசித்தார்கள்?

பாவுல் ஜாஸ் என்று தங்கள் இசைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். கேட்டால் முதலில் காதில் விழுவது அகூஸ்டிக் கிடாரும் வயலினும் புல்லாங்குழலும். பெரிய ஆம்ப்ளிஃபயர் சத்தம் கிடையாது. நாலைந்து பேர் சேர்ந்து பாடுகிற கோரஸ், அடியில் பாவுல் நடையில் துள்ளுகிற தாளம், திடீரென்று மேற்கத்திய கிளாசிக்கல் மாதிரி ஒரு வயலின். வீட்டு மொட்டைமாடியில் நண்பர்கள் பாடுகிற மாதிரி இருக்கும். அதில்தான் அதன் அழகு.

வார்த்தைகள் இன்னும் புதுசு. அதுவரை வங்காளத்தில் நவீனப் பாட்டு என்றால் நிலா, பிரிவு, நீ, நான். மரியாதைக்கு ரவீந்திர சங்கீதம். இவர்கள் வீதியையும் நெரிசலையும் பனிப்புகை மூடின கொல்கத்தாவையும் பாடினார்கள்.

‘ஹாய் பாலோபாஷி’ என்று ஒரு பாட்டு. பிடித்த விஷயங்களின் பட்டியலாகத் தொடங்கும். படகில் மிதப்பது, நிலவொளி, பிக்காசோ, பீட்டில்ஸ், டிலன், பீத்தோவன், ரவிசங்கர், அலி அக்பர் என்று ஒரு படித்த நகரத்துப் பையனின் ஆசைகள் எல்லாம் அதில் வரும். இன்ஸ்டாகிராம் பயோ மாதிரி. பாதியில் பாட்டு திரும்பும். இவ்வளவு பிடித்தும் எதுவும் ஏன் பிடிக்காமல் போகிறது என்று கேட்டுவிட்டு, வயலிலும் துறைமுகத்திலும் வியர்வை சிந்துகிறவர்களைக் காட்டும். கோஷம் கிடையாது, குரல் உயராது. ஜெயிலுக்குப் போய் வந்த ஒரு ஆள் தன் அரசியலை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று தெரியணும்னா இந்த ஒரு பாட்டு போதும். என்னைக் கேட்டால் இந்த பேண்டின் சிறந்த பாட்டு இதுதான். ‘பீகி பீகி’யின் மூலம்கூட இதற்கு அடுத்துதான்.

1977-ல் முதல் இசைத்தட்டு வந்தது. தலைப்பை மொழிபெயர்த்தால் ‘கலங்கிப்போன பறவைக் கூட்டமும் கொல்கத்தாவைப் பற்றியும்’. அடுத்த வருஷம் இரண்டாவது, ‘அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்’ என்று. 1979-ல் மூன்றாவது. எல்லாமே சின்ன தட்டுகள். ஸ்டார் தியேட்டர், ரவீந்திர சதன் என்று சில மேடைகள். 1980-ல் கொல்கத்தா சர்வதேச ஜாஸ் விழா.

உலகத்தில் வேறு யாரும் இதைச் செய்யலையா?

செய்தார்கள். அதே வருஷங்களிலேயே செய்தார்கள். அமெரிக்காவில் ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற மாபெரும் ராக் பேண்டின் கிடாரிஸ்ட் ஜெர்ரி கார்சியா, 1973-ல் எலெக்ட்ரிக் கிடாரைக் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு பாஞ்சோவை எடுத்தார். ‘ஓல்ட் அண்டு இன் தி வே’ என்று ஒரு சைடு பேண்டு. வாசித்தது புளூகிராஸ். அது அமெரிக்கத் தென்பகுதி மலைப்பாட்டில் இருந்து வந்த வகை. பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில், டிரம்ஸ் கிடையாது. வேகமான விரல்கள். நம்ம ஊரில் யு.ஸ்ரீநிவாஸ் கர்னாடக மேடைக்குக் கொண்டுவந்த அதே மாண்டலின் அங்கே கிராமத்துக் கருவி. அந்த பேண்டு ஒரு வருஷம்போலத்தான் நீடித்தது. ஆனால் 1975-ல் வந்த அதன் லைவ் ஆல்பம் புளூகிராஸ் இசையில் ரொம்ப காலத்துக்கு அதிகம் விற்ற தட்டுகளில் ஒன்றாக இருந்தது.

எலெக்ட்ரிக் கிடாரில் உலகத்தையே அதிரவைத்த ஜான் மெக்லாஃப்லின் 1975 வாக்கில் அகூஸ்டிக் கிடாரோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அந்த ‘சக்தி’ குழுவில் வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் நம்ம விக்கு விநாயக்ராம்.

தமிழ்நாட்டிலும் அதே நேரம் ஒன்று நடந்தது. 1976, ‘அன்னக்கிளி’. இசைக்குழுக்களில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த இளையராஜா கிராமத்து மெட்டை எடுத்துவந்து ஒரே படத்தில் தமிழ்ச் சினிமாவின் காதை மாற்றினார்.

இந்த மூன்று பேருக்கும் கௌதமுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கார்சியாவுக்குத் திரும்பிப் போக ஒரு பெரிய பேண்டு இருந்தது. நாட்டுப்புற பேண்டு விற்றாலும் விற்காவிட்டாலும் அடுத்த மாதம் ஸ்டேடியம் காத்திருக்கும். மெக்லாஃப்லினுக்கு உலகப் பெயர். இளையராஜாவுக்கு சினிமா என்ற எஞ்சின். டீக்கடை ரேடியோவில் இருந்து திருவிழா மைக்செட் வரை பாட்டை அது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கௌதமுக்கு இது எதுவும் இல்லை. பார்க் ஸ்ட்ரீட்டை அவர் விட்டுவிட்டார். சினிமா வழியாகவும் வரவில்லை. ஏழு பேரின் நேரமும் சொந்த உழைப்பும்தான் மூலதனம்.

ஏன் ஓடவில்லை?

கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இது என்ன வகை என்றே புரியவில்லை. நாட்டுப்புற இசை ரசிகருக்கு இதில் சாக்ஸபோன் எதற்கு என்று கோபம். ராக் ரசிகருக்கு, ஏன் வங்காளத்தில் பாடுகிறார்கள் என்று சலிப்பு. பண்பாட்டுக் காவலர்களுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. கிடார் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் கோரஸாகப் பாடுவதே அப்போது வினோதம். பேண்டு என்ற சொல்லே கல்யாண ஊர்வல வாத்தியக் குழுவைத்தான் ஞாபகப்படுத்தியது. இசைத்தட்டுகள் விற்கவில்லை.

1981-ல் கலைந்தார்கள். சண்டை, விவாகரத்து மாதிரி பரபரப்புக் கதை ஒன்றும் இல்லை. முப்பதை எட்டும் வயது, குடும்பம், வேலை. ரஞ்சன் கோஷால் பெங்களூருவுக்குப் போய் விளம்பரத் துறை, நாடகம் என்று இறங்கினார். ஆபிரகாம் கொல்கத்தாவில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தார். ஐந்தாறு வருஷம், மூன்று தட்டு, சில மேடைகள். கணக்கு அவ்வளவுதான்.

கேமராவும் மலைகளும்

கௌதம் சினிமாவுக்குத் திரும்பினார், ஆனால் இசையமைப்பாளராக இல்லை, இயக்குநராக. 1983-ல் ‘நாகமதி’. ஆற்றோரம் படகில் வாழும் பாம்பாட்டி நாடோடிகளைப் பற்றிய படம். சிறந்த வங்காளப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. இங்கேயும் பாருங்க, அவர் கண் போனது ஊரோரத்தில் பாட்டோடு திரிகிற மனிதர்கள் பக்கம்தான். ஆவணப்படங்களும் எடுத்தார்.

கடைசி வருஷங்களில் அசாமின் கார்பி ஆங்லோங் மலைப்பகுதிக்குப் போய்ப் போய் வந்தார். கார்பி பழங்குடி இளைஞர்களோடு அவர்களுடைய கதையை அவர்கள் மொழியிலேயே மேடையாக்கவும் படமாக்கவும் வேலை செய்தார். ஐம்பது வயதை நெருங்குகிற தேசிய விருது இயக்குநர், சந்தையே இல்லாத ஒரு மொழியில் போய் உட்காருகிறார். யாரும் கேட்காத வேலை. கேட்காத வேலைகளைத்தான் அவர் வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறார்.

இருபது வருஷம் கழித்து

1992-ல் கொல்கத்தாவில் ஒரு மாற்றம். சுமன் சட்டோபாத்யாய் என்ற பாடகர், பின்னாளில் கபீர் சுமன் என்று பெயர் மாற்றிக்கொண்டவர், ‘தொமாகே சாய்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். ஒரு ஆள், ஒரு கிடார், நகரத்து வாழ்க்கை. இளைஞர்கள் பைத்தியமானார்கள். மொஹினேர் கோராகுலி 1977-ல் பாடிய விஷயங்களுக்கு இப்போதுதான் காது தயாராகியிருந்தது. காலேஜ் ஹாஸ்டல்களில் அவர்களுடைய பழைய பாட்டுகள் வாய்வழியாக உயிரோடு இருந்தன. பாடுகிறவனுக்கே யார் எழுதினது என்று தெரியாது. பாவுல் பாட்டு பரவுவதும் இப்படித்தான்.

1995 கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் கௌதம் ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். ‘ஆபார் பச்சோர் குரி பொரே’, மறுபடியும் இருபது வருஷம் கழித்து. தலைப்பு இந்த முறையும் ஜீவனானந்தரிடம் இருந்துதான். பழைய ஏழு பேரைக் கூட்டி ரீயூனியன் ஷோ போட்டிருந்தால் நல்ல காசு பார்த்திருக்கலாம். அவர் செய்தது வேறு. தன் பாட்டுகளோடு புதுப் பையன்களின் பாட்டுகளையும் சேர்த்தார், பாடும் வேலையையும் இளசுகளிடம் கொடுத்தார். ‘மொஹினேர் கோராகுலி தொகுப்பு’ என்று பெயர் போட்டு அவர்களுக்கு ஒரு மேடை பண்ணினார். ‘பீகி பீகி’யின் மூலமான அந்த டிவி பாட்டு இதில்தான் வந்தது. அடுத்த சில வருஷங்களில் இன்னும் மூன்று தொகுப்புகள். கடைசித் தொகுப்பின் பெயர் ‘கேபார் கான்’, அதாவது பித்தனின் பாட்டு. பாவுல்கள் தங்களையே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தப் பத்து வருஷத்தில் கேக்டஸ், சந்திரபிந்து, ஃபாசில்ஸ், பூமி என்று வங்காள பேண்டுகள் வரிசையாக வந்தன. வங்காளத்தில் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலம் ஞாபகம் வருவது நின்றது.

1999 ஜூன் 20. மாரடைப்பு. வயது ஐம்பதுதான். அவரது செல்லப் பெயர் மோனி. நண்பர்களும் சீடர்களும் சேர்ந்து அஞ்சலி நிகழ்ச்சி நடத்தியபோது வைத்த தலைப்பு, மோனி இல்லாமல் வெறுமையாக இருக்கிறது என்பது. அவரது மகன் கௌரவ் ‘லக்கிச்சாடா’ என்ற வங்காள பேண்டில் டிரம்மர்.

பாட்டு ஓடியது, பாடினவங்க?

2006-ல் ‘பீகி பீகி’ வந்தது. ரிங்டோன், ரேடியோ, ரியாலிட்டி ஷோ எல்லாம். டிவிக்கு எதிராக எழுதப்பட்ட பாட்டின் மெட்டு டிவியில் நாள் முழுக்க ஓடியது. இதைவிட நல்ல கிண்டலை கௌதம்கூட யோசித்திருக்க மாட்டார்.

ஆனால் இந்தக் கதையில் சிரிக்க முடியாத ஒரு பகுதி இருக்கிறது. முதல் ஏழு பேரில் ஒருவரான தாபஸ் பாபி தாஸுக்கு நுரையீரல் புற்றுநோய். சிகிச்சைச் செலவுக்கு வழியில்லை என்ற செய்தி வந்தபோது, இரண்டு வங்காளத்துப் பாடகர்களும் ரசிகர்களும் நிதி திரட்டக் கச்சேரிகள் நடத்தினார்கள். மேற்கு வங்க அரசும் சிகிச்சைப் பொறுப்பை ஏற்றது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அவர் மேடையில் உட்கார்ந்து பாடிய வீடியோக்கள் பரவின. 2023 ஜூன் 25-ல் இறந்தார். லட்சக்கணக்கில் வியூஸ் போகிற பாட்டுகளின் பேண்டில் முதல் நாளில் இருந்து இருந்தவர் அவர்.

பார்க் ஸ்ட்ரீட்டிலேயே இருந்திருந்தால் கௌதம் வசதியாக இருந்திருப்பாரா? இருந்திருக்கலாம். அந்தத் தெருவில் அவரோடு வாசித்த எத்தனை கவர் பேண்டுகளின் பெயர் இன்றைக்கு யாருக்காவது ஞாபகம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. பாபி தாஸின் மருத்துவச் செலவுக்கு முன்னால் அந்தக் கேள்விக்குப் பெரிய அர்த்தம் இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பாட்டுகளைக் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கே தொடங்கலாம்?

ஸ்ட்ரீமிங் ஆப்பில் பேண்டு பெயரைத் தேடினால் தொகுப்புகள் கிடைக்கும். முதலில் ‘ஹாய் பாலோபாஷி’. மொழி புரியாவிட்டாலும் பட்டியல் முடிந்து பாட்டு திரும்பும் இடம் காதுக்குத் தெரியும். அடுத்து கொல்கத்தாவைப் பற்றிய ‘பேஷே ஆஷே கொல்கத்தா’. மூன்றாவதாக அந்த டிவி பாட்டு. ‘பிருதிபி’ என்று தேடுங்க, உலகம் என்று பொருள். அதை முதலிலேயே கேட்டால் காதில் இந்திப் பாட்டுதான் ஓடும், அதனால்தான் மூன்றாவது. ஹெட்போன் போட்டுக் கேட்டால் வயலின் தனியாகத் தெரியும். அது ஆபிரகாம் வாசித்ததா, பின்னால் வந்த பையன்கள் வாசித்ததா என்று ஆல்பம் வருஷத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம். 1970-களின் தட்டுகளில் ஒலி கொஞ்சம் கரகரக்கும். வால்யூமை ஒரு புள்ளி கூட்டி வெச்சுக்கோங்க.